மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியவர்

நான் பிறந்த ஊர் பள்ளிவாசல். மூணாற்றிலிருந்து கீழிறங்கும் மலைச்சரிவிலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. எங்கள் லயத்து வாயிலில் நின்றால் இரவும் பகலும் நீரின் ஓசை கேட்கும். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூணாற்றையே சீரழித்த முதிரப்புழை ஆறு, 1940-இல் குழாய்களுக்குள் அடங்கி மின்சாரம் தந்தது. இன்றைய கேரளத்தில் முதன்முதல் தோன்றிய நீர்மின் நிலையம் எங்கள் பள்ளிவாசலில்தான் அமைந்தது. ஆயினும் சிறுவயதில் என் அப்பத்தா எனக்குச் சொன்ன கதைகள் இந்த ஆற்றைப் பற்றியவை அல்ல. முதிரப்புழை சென்று கலக்கும் பெரியாற்றைப் பற்றியும், அதன் மேற்பகுதியில் அணை கட்டிய ஒரு வெள்ளைக்காரரைப் பற்றியுமே அவர் ஓயாது பேசுவார். அப்பத்தா கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவர் வீட்டுப் பூசை அறையில், முருகன் படத்திற்குப் பக்கத்தில், மீசை வைத்த அந்த வெள்ளைக்காரரின் படமும் இருந்தது.

அவர்தாம் கர்னல் ஜான் பென்னிகுவிக். மாணவ நண்பர்களே, அவரது வாழ்வை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். 1849 சனவரியில் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலாப் போரில் தந்தையும் தமையனும் ஒரே நாளில் மாண்டனர். எட்டு வயதுகூட நிரம்பாத பாலகன், இரண்டு பேரிழப்புகளை ஒருங்கே சுமந்தான். அக்குடும்பத்தில் வாளேந்துவதே வழக்கம். இவரும் இங்கிலாந்தில் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860-இல் இந்தியா வந்தார். அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கு கொண்டார். எனினும் அவர் பெயரை நிலைக்கச் செய்தது போர்க்களம் அன்று, வறண்ட வயற்களமே.

அக்காலத்து மதுரைச் சீமையின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வையை, மழை பெய்தால் பெருகும், பொய்த்தால் மணலாகும். அந்த ஆற்றை நம்பியவர்கள் பஞ்சத்திற்கும் பழகிப் போனார்கள். மலைக்கு அப்பாலோ, பெரியாறு ஆண்டு முழுதும் நிறைந்து ஓடி அரபிக் கடலில் கலந்தது. ஒரு மலைத்தொடரே இரண்டு ஆறுகளின் விதியையும் பிரித்து வைத்திருந்தது. அந்த நீரை இப்புறம் கொணர வேண்டும் என்ற எண்ணம் முதலில் தோன்றியது தமிழ் மண்ணிலேதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பி ஆராயச் செய்தார். பொருள் இல்லாமையால் முயற்சி நின்றது. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் பொறியாளர், இது ஆகாத காரியம் என்று கைவிட்டார். 1850-இல் தொடங்கிய ஒரு சிறு வேலையும் நோயினாலும் கூலிச் செலவினாலும் நின்று போயிற்று.

பின்னர் வந்தது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய பெரும் பஞ்சம். இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பஞ்சத்தின் பின்னரே அரசின் கண் திறந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. முன்னிருந்தோர் மண்ணால் அணை கட்ட எண்ணினர். இவர் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பத் துணிந்தார். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசோடு ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள் என்பன அதன் விதிகள்.

1887-இல் வேலை தொடங்கிற்று. சாலை இல்லை, ஊர் இல்லை, யானையும் புலியும் திரியும் அடர்காடு. மலைக்காய்ச்சல் ஒரு புறம், அட்டை ஒரு புறம். ஆற்றுக்கு நடுவே அரும்பாடுபட்டு எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. அவரோ மறுபடியும் கல்லெடுத்து வைத்தார். அணையோடு வேலை முடியவில்லை. தேங்கிய நீர் கிழக்கே வர, மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளமுள்ள சுரங்கம் வெட்ட வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் நோயாலும் விபத்தாலும் அங்கேயே உயிர் நீத்தனர். அவர்களின் கல்லறைகள் அணைக்கருகே காட்டுக்குள் உள்ளன. பென்னிகுவிக்கின் புகழைப் பாடும் நாம் பெயரற்ற அந்தக் கூலிகளையும் மறத்தல் தகுமோ? தோட்டத்துக் கூலியின் பேரனாகிய எனக்கு அது தகாது.

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கிச் சுருளியாற்றில் கலந்து வையையை அடைந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. மதுரை மேலூர் வரை வயல்கள் பசுமை பூண்டன. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்நீரால் பயன் பெறுகின்றன.

அணை கட்டப் பணம் போதாமல், அவர் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றார் என்று அப்பத்தா சொல்வார். கம்பத்துத் திண்ணைகள் எல்லாம் சொல்லும் கதை இது. கல்லூரிக்கு வந்து படித்தபின் அறிந்தேன், அணைக்குச் செலவிட்டது சென்னை அரசே என்று. ஆயினும் அக்கதையைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. தாகத்தால் வாடிய மக்கள், நீர் தந்தவர் தம்மிடமிருந்த அனைத்தையும் தந்திருப்பார் என்று நம்பினார்கள். நன்றியே அங்கே கதையாயிற்று.

1896-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராக விளங்கினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கவும் ஆலோசனை கூறச் சென்றார். 1911 மார்ச் 9-இல் காம்பர்லியில் காலமானார். அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருகிறது. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் அவர் படத்தின் முன் பொங்கலிட்டு வணங்குகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

இனி, என் வீட்டுச் செய்தி ஒன்று. 2011 டிசம்பரில் இந்த அணையைப் பற்றிய பூசல் எல்லையில் முற்றியது. குமுளியிலும் போடிமெட்டிலும் வண்டிகள் நின்றன. அந்த நாட்களில்தான் அப்பத்தா கம்பத்தில் கண்மூடினார். பள்ளிவாசலில் இருந்த என் தந்தையார் எல்லையைக் கடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது சிதையும் ஆறியிருந்தது. தண்ணீர் கொணர்ந்தவரைத் தெய்வமாகக் கும்பிட்ட கிழவிக்கு, தண்ணீரை முன்னிட்டு எழுந்த பூசலால் மகன் கையால் கொள்ளி கிட்டவில்லை.

அன்று நான் சிறுவன். யாரை நோவது என்று தெரியவில்லை. இன்று என் விடுதி அறைத் தோழன் வண்டிப்பெரியாற்றுக்காரன். அணைக்குக் கீழே அவன் வீடு. பெருமழை பெய்தால் அவன் தாய் உறங்குவதில்லை. மழை பெய்யாவிட்டால் கம்பத்தில் என் சித்தப்பா உறங்குவதில்லை. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. தீர்ப்பு மட்டத்தை அளந்தது. அவ்விருவரின் அச்சத்தையும் அளக்க வேண்டியவர்கள் நாம்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளைப் பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் செல்வோம். ஆற்றைத் திருப்பும் கலையைப் பென்னிகுவிக்கிடம் கற்போம். திருப்பிய ஆற்றின் இருகரை மக்களும் அச்சமின்றி உறங்கச் செய்யும் வேலையை அவர் நமக்கு மிச்சம் வைத்துச் சென்றிருக்கிறார். அடுத்த பொங்கலுக்கு என் தோழனைக் கம்பத்திற்கு அழைத்திருக்கிறேன். அப்பத்தா வணங்கிய படத்தின் முன் அவனும் நானும் சேர்ந்து ஒரு பானை பொங்கலிடுவோம். அதற்கு வார்க்கும் நீர் பெரியாற்று நீராகவே இருக்கும்.