கண்டி மன்னனின் ஆங்கிலேயக் கைதி

அந்நிய மண்ணில் சிறைப்பட்ட தன் பிரஜைகளுக்காக ஓர் அரசு எதுவரை செல்லும்? நம்மவர்கள் வெளிநாடுகளில் சிறைப்படும் வேளைகளில் கொழும்பை நோக்கி நாம் எழுப்பும் கேள்வி இது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு இலக்கானவர்கள் ஆங்கிலேயர்கள். சிறைவைத்த நாடோ நம்முடையது.

றொபேர்ட் நொக்ஸ் 1641 இல் இலண்டனில் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பலின் தலைவர். சோழமண்டலக் கரையில் புயலிற் சிக்கிப் பாய்மரம் முறிந்த அக்கப்பல், அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் மகனையும் மாலுமிகளையுமாகப் பதினாறு பேரைப் பிடித்துச் சென்றனர். மூதூரில் அச்சம்பவத்துடன் தொடர்புபடுத்தப்படும் புளியமரம் 'வெள்ளைக்காரன் மரம்' என்றே பெயர் பெற்றது. கப்பலுக்குச் செய்தி கொண்டுபோக மகனை அனுமதித்தார்கள். அப்படியே தப்பியிருக்கலாம். தந்தைக்கு அளித்த வாக்குக்காகத் திரும்பி வந்தார் அந்தப் பத்தொன்பது வயது இளைஞர். அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் மாண்ட தந்தையைத் தம் கையாலேயே அடக்கம் செய்யவும் நேர்ந்தது.

விலங்கும் இல்லை, சிறைக்கூடமும் இல்லை. கைதிகள் கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிப்பது ஊரவர் கடமை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்தார், பின்னர் எலதெத்தவில் நிலம் வாங்கி வீடும் கட்டினார். தோழர்களிற் பலர் சிங்களப் பெண்களை மணந்து ஊரோடு ஊராயினர்.

கம்பனியின் நிலை சங்கடமானது. கரையோரத்தின் பெரும்பகுதி ஒல்லாந்தர் கையில். மலைநாட்டுக்குள் படை அனுப்புவது நினைத்தும் பார்க்க முடியாதது. தூதனுப்பலாம் என்றால் தூதுவரே கைதியாகும் அபாயம். 1672 இல் வந்த பிரெஞ்சுத் தூதுவருக்கு அக்கதியே நேர்ந்தது. ஒல்லாந்தரின் தயவை நாடுவதும் எளிதன்று. அக்காலத்தில் ஆங்கிலேயர் அவர்களுடன் இரு தடவை போரிட்டனர். எனினும் 1664 இல் சென்னைக் கோட்டையின் தலைவர் சேர் எட்வேர்ட் வின்ரர் மன்னனிடம் விடுதலை கோரினார். ஒல்லாந்தத் தூதுவரும் அவ்வேளை தம்மவர்க்காக வந்திருந்தார். மன்னன் இணங்குவதாகக் காட்டி, கைதிகளை அழைத்து, விடுதலை உண்டு, ஆயினும் தன் சேவையில் அமர விரும்புவோர் உளரா என வினவினான். ஒருவரும் முன்வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நிலம்பையில் மன்னனுக்கெதிராகக் கிளர்ச்சி வெடித்தது. குழப்பம் அடங்கியபோது விடுதலைப் பேச்சும் அடங்கிப் போயிற்று. கம்பனியின் அலட்சியம் என்று மட்டும் இதனைக் கூறிவிட நாம் தயங்குகிறோம். ஆனால் பதினாறு மாலுமிகளுக்காக வணிகத்தைப் பணயம் வைக்க அது ஒருபோதும் முற்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

நொக்ஸை விடுவித்தவை அவரது கால்களே. வியாபாரி போல ஊரூராய்த் திரிந்து வழிகளை அறிந்துகொண்டார். 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மன்னார்ப் புறத்தில் அருவியாறு எனப்படும் மல்வத்து ஓயாவின் வழியே காட்டினூடாக நடந்து, ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாசம் அங்கு முடிவுற்றது. 1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூல், அன்றைய கண்டி இராச்சியத்தின் வாழ்வை அறிய நமக்கு இன்றும் இன்றியமையாத சான்று.

அதன் பின் நடந்ததையே நம்மால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. கம்பனி அவரைக் கப்பற்றலைவராக்கியது. 1684 இல் அவர் சென்ற பயணங்களுள் ஒன்றின் நோக்கம், மடகஸ்காரில் மனிதர்களை அடிமைகளாக வாங்கி சென் ஹெலனா தீவுக்குக் கொண்டு செல்வது. அந்நிய மண்ணில் அடைபட்டு வாடியவர் அதனை மறுத்தாரில்லை.

1720 இல் அவர் இலண்டனில் காலமானார். இறுதிவரை மணம் புரியவில்லை. எலதெத்த வீட்டையும் நிலத்தையும், சக கைதியொருவரின் மகளாய்ப் பிறந்து தம்மிடம் வளர்ந்த லூசியா என்ற சிறுமிக்கே விட்டிருந்தார்.