சாலிம் அலியும் பரத்பூர் எருமைகளும்

பறவை பார்க்க எங்கே செல்லலாம் எனக் கேட்போருக்கு வேடந்தாங்கலுக்கு அடுத்து நான் சொல்வது ராஜஸ்தானின் பரத்பூர். அந்தச் சதுப்புநிலம் இன்றும் எஞ்சியிருப்பதில் சாலிம் அலிக்குப் பெரும் பங்குண்டு.

1896இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன பறவை என்றறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பின்னர் பெர்லினில் பயின்று, சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளை ஆராய்ந்தார். துணைநின்ற மனைவி தெஹ்மினா 1939இல் மறைந்த பின்னும் பயணம் நிற்கவில்லை.

பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக்களம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டனர். அன்றுதான் சாலிம் அலியின் 42ஆம் பிறந்தநாள்! விடுதலைக்குப் பின் ஏரியை விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது, நேரு வரை சென்று தடுத்தார்.

ஆனால் 1982இல் அது தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. அவரும் அதை ஆதரித்தார். எதிர்த்த கிராமத்தினர் மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. எருமைகள் இல்லாத நீர்நிலையில் புல் மண்டி, பறவைகளுக்கான திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. அவர் வாழ்நாளெல்லாம் வளர்த்த கழகத்தின் ஆய்வே மேய்ச்சல் தேவை என்றது. 1991இல் அதன் இறுதி அறிக்கை வந்தபோது, அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.