அசீசியாரும் பாலன் குடிலும்

இத்தாலி தேசத்து அசீசி நகரில் செல்வமிக்க துணி வர்த்தகரின் புதல்வராய்ப் பிறந்த அர்ச். பிரான்சிஸ், தாம் உடுத்திருந்த ஆடையையும் மேற்றிராணியார் முன்னிலையில் தந்தையாருக்கே திருப்பி அளித்து, வறுமையை விரும்பி ஏற்ற மகான். பெத்லேகேமில் திவ்விய பாலன் பட்ட எளிமையை ஜனங்கள் கண்ணாரக் காணவேண்டுமென எண்ணிய அவர், 1223ஆம் வருஷத்துக் கிறிஸ்து பிறப்புத் திருநாளிரவில், கிரெச்சோ என்னும் மலையூரில் முன்னணை அமைப்பித்து, வைக்கோல் பரப்பி, மெய்யான எருதையும் கழுதையையும் நிறுத்துவித்தார். தீபமேந்தித் திரண்ட ஊராருக்குச் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கித்தார். 1226இல் மரித்த அவருக்கு 1228இல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் வழங்கப்பட்டது.

குடில் அமைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவுதற்கு அவ்விரவு பெருந்துணையாயிற்று. அத்திருநாளில் செல்வர் ஏழைகளுக்கு வயிறார அன்னமிடவும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் மிகுதியாய்த் தீனி அளிக்கவும் வேண்டுமென்பது அவர் விருப்பம். குடிலை ஜோடிப்பதில் ஊக்கமுள்ள குடும்பங்கள் இதனையும் மறவாதிருத்தல் நலம்.