செடியைத் தராசில் வைத்த பாதிரியார்!

செடி தண்ணீர் குடிக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது? அதை எடை போட்டுப் பார்த்துச் சொன்னவர் ஒரு பாதிரியார்!

அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். 1677-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1709-ம் ஆண்டு, அப்போது லண்டனுக்கு அருகே இருந்த டெடிங்டன் என்ற கிராமத்துக்குப் பாதிரியாராக வந்தார். சாகும்வரை அதுவே அவர் ஊர்.

சூரியகாந்தி

1724-ம் ஆண்டு, கோடைக்காலம். தொட்டியில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடி ஒன்று நின்றது. தொட்டியின் வாயை ஹேல்ஸ் ஈயத் தகட்டால் மூடினார். இனி, மண்ணில் உள்ள ஈரம் செடி வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

காலையிலும் மாலையிலும் செடியைத் தொட்டியோடு எடை போட்டார்.

பகல் 12 மணி நேரத்தில், சராசரியாக 20 அவுன்சு எடை குறைந்தது. அதாவது, அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர்! இலைகள் அதை ஆவியாக வெளியே விட்டன. அந்த அளவுக்கு வேர்கள் மண்ணில் இருந்து தண்ணீரை இழுத்தன.

மண்ணுக்குள்ளே

மழை இல்லாத நாளில் செடிக்குத் தண்ணீர் ஏது?

ஹேல்ஸ் தோட்டத்தைத் தோண்டினார். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி என்று தனித்தனியாக மண் எடுத்து எடை போட்டார். உலர்த்தி மீண்டும் எடை போட்டார். குறைந்த எடைதான் மண்ணில் இருந்த ஈரம்.

ஒரு கண்ணாடிக் குழாயில் சாம்பலை நிரப்பி, அடிமுனையைத் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் தானே மேலே ஏறியது!

மண்ணிலும் இப்படித்தான். மண் துகள்களுக்கு நடுவே சிறுசிறு சந்துகள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மணலில் சந்துகள் பெரியவை, தண்ணீர் வடிந்துவிடும். களிமண்ணில் மிகச் சிறியவை, தண்ணீர் தங்கும். ஆனால் களிமண் கொஞ்சம் கருமி! தன்னிடம் உள்ள தண்ணீர் முழுவதையும் வேருக்குக் கொடுக்காது. மக்கிய எரு சேர்ந்த மண், ஈரத்தைச் சேர்த்தும் வைக்கும். வேருக்குக் கொடுக்கவும் செய்யும்.

ஊருக்கும் தண்ணீர்

தம் ஆராய்ச்சிகளை ஹேல்ஸ் 1727-ம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். பிறகு மனிதர்களின் துன்பத்தைக் கவனித்தார். கப்பல்களிலும் சிறைகளிலும் அடைபட்டுத் தவித்தவர்களுக்கு நல்ல காற்றுக் கிடைக்கக் கருவி செய்தார். 1754-ம் ஆண்டு, டெடிங்டன் மக்களுக்கு நல்ல தண்ணீர் வர உதவினார். அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல்!

1761-ம் ஆண்டு, 83-வது வயதில் காலமானார். அவர் கட்டிய கோவில் கோபுரத்தின் அடியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.