நாலு பாத்தி விளைச்சலை எவ்வளவு நம்பலாம்? வழி சொன்ன காசெட்

புது ரகத்தையோ புது உரத்தையோ ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கிறீர்கள். பக்கத்துப் பாத்தியைவிட மகசூல் கூடுகிறது. அது ரகத்தின் குணமா, அந்த இடத்து மண்ணின் குணமா? நூறு பாத்தி இருந்தால் சராசரியைத் துணிந்து நம்பலாம். நம்மிடம் இருப்பதோ நாலைந்துதான். இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பீர் ஆலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

ஆலைக்கு வந்த பட்டதாரி

வில்லியம் சீலி காசெட் 1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்து, 1899-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். பீருக்கு மூலப்பொருள் பார்லி. அதனால் ரகம், விதை, உரம் என எல்லாவற்றிலும் ஆலைக்கு அக்கறை இருந்தது. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் கிடைத்த அளவீடுகள் சொற்பம். அன்றைய புள்ளியியல் சூத்திரங்களோ நிறைய அளவீடுகள் இருந்தால்தான் சரிவரும்.

1906-ல் ஆலை அவரை லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்துக்குப் படிக்க அனுப்பியது. காசெட் கண்டது இதுதான்: நாலைந்து பாத்திகளை வைத்துக் கணக்கிடும்போது சராசரி மட்டும் ஆடுவதில்லை. பாத்திக்குப் பாத்தி எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவும் சேர்ந்து ஆடுகிறது. அந்த இரண்டாவது ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் முடிவு நேர்மையாக இருக்கும்.

கணக்கைச் சரிபார்க்க, 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்தார். நாலு நாலாகப் பிரித்து 750 சிறு மாதிரிகள் எடுத்தார். அவை காட்டிய போக்கு அவர் கணக்கோடு ஒத்துவந்தது.

1908-ல் கட்டுரை வெளியானது. ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிர்வாகம் அனுமதிக்கவில்லை. எனவே ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்ற புனைபெயரில் எழுதினார். பின்னாளில் ரொனால்டு ஃபிஷர் அந்தக் கணக்கை மேம்படுத்த, இன்று நாம் பயன்படுத்தும் ‘டி’ பரவல் உருவானது.

விதையைச் சூளையில் உலர்த்தலாமா?

அந்தக் கட்டுரையிலேயே நமக்கு நெருக்கமான ஒரு கணக்கு இருக்கிறது. பார்லி விதையைச் சூளையில் உலர்த்தி விதைத்தால் மகசூல் கூடுமா என்ற சோதனை. 1899-ல் 7 ரகம், 1900-ல் 4 ரகம். ஒவ்வொரு ரகத்திலும் உலர்த்திய விதை ஒரு பக்கம், உலர்த்தாதது ஒரு பக்கம். ஆக 11 ஜோடிகள்.

உலர்த்திய விதை 7 ஜோடிகளில் முந்தியது, 4-ல் பிந்தியது. சராசரியாக ஏக்கருக்கு 33.7 பவுண்டு, அதாவது சுமார் 15 கிலோ கூடுதல். இதை மட்டும் பார்த்தால் உலர்த்துவது லாபம் என்று சொல்லத் தோன்றும்.

இப்போது ‘டி’ முறைப்படி பார்ப்போம். 11 வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 66.2 பவுண்டு. அதை 11-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் பிழை 19.95. இதை 2.23-ஆல் பெருக்க வேண்டும். 11 ஜோடிகளுக்கு ‘டி’ அட்டவணை தரும் எண் அது. வருவது 44.5.

33.7-லிருந்து 44.5-ஐக் கழித்தும் கூட்டியும் பாருங்கள். உண்மையான பலன் 11 பவுண்டு நட்டத்திலிருந்து 78 பவுண்டு லாபம் வரை எங்கும் இருக்கலாம். இதுவே 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. இதற்குள் பூஜ்யமும் இருக்கிறது.

வேறு விதமாகவும் சோதிக்கலாம். உலர்த்துவதால் பலனே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 33.7-ஐ 19.95-ஆல் வகுத்தால் 1.69. இது 2.23-ஐத் தாண்டவில்லை. ஆகவே பலன் இல்லை என்ற கூற்றை ஒதுக்க இந்தச் சான்று போதாது. பலன் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதாகவும் இதற்குப் பொருள் அல்ல. சூளைக்குச் செலவழிக்கும் முன் இன்னும் சில பருவம் பார்க்க வேண்டும் என்பதே சரியான முடிவு.

அளவீடுகள் ஏராளமாக இருந்தால் பெருக்க வேண்டிய எண் 1.96 போதும். 4 ஜோடி மட்டுமே என்றால் அது 3.18. சான்று குறையக் குறைய எச்சரிக்கை கூட வேண்டும் என்பதை காசெட் எண்ணாகவே தந்துவிட்டார்.

கடைசி வரை வயல் சோதனை

ஒரே பண்ணையில் ஒரே பருவத்தில் கிடைத்த முடிவை காசெட் ஏற்கவில்லை. பல மண்ணில், பல ஆண்டுகள் பார்க்க வேண்டும் என்றார். பாத்திகளைச் சீட்டுக் குலுக்கல் போல ஒதுக்க வேண்டும் என்றார் ஃபிஷர். மண்வளம் ஒரு பக்கமாகச் சரியும் வயலில் இரண்டையும் அருகருகே சமமாக அமைப்பதே மேல் என்றார் காசெட். இந்தக் கருத்து வேறுபாடு கடைசி வரை தீரவில்லை. 1937-ல் கின்னஸின் தலைமை பீர் தயாரிப்பாளராகி, அதே ஆண்டு அக்டோபரில் 61 வயதில் காலமானார்.

உங்கள் வயலில் செய்ய வேண்டியவை

• புதியதையும் பழையதையும் அருகருகே ஜோடியாகப் போடுங்கள். குறைந்தது 5, 6 ஜோடிகள் இருக்கட்டும்.

• எது எந்தப் பக்கம் என்பதை ஜோடிக்கு ஜோடி சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள்.

• தண்ணீர், களை எடுப்பு, அறுவடை நாள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

• ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியே எடை போட்டு எழுதி வையுங்கள். மொத்த எடை மட்டும் இருந்தால் இந்தக் கணக்கைப் போட முடியாது.

• விளம்பரத்தில் கூடுதல் மகசூல் என்று எண் ஒன்றைக் காட்டினால், எத்தனை பாத்தியில், எத்தனை பருவத்தில், எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.