ஓரறிவு உயிருக்கும் இரங்கிய வள்ளலார்

வள்ளலார் என்று மக்கள் போற்றும் இராமலிங்க அடிகளார், சிதம்பரம் அருகே மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்தார். புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள் என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. அந்த உயிர்கள் வரை இரக்கம் காட்டுவதே கடவுள் வழிபாடு என்று அவர் போதித்தார்.

உயிரைக் கொன்று உண்பதை அறவே மறுத்தார். காய், கனி, கீரை பறிப்பதால் செடியின் உயிர் போவதில்லை. அவை நமக்கு நகமும் முடியும் போன்றவை என விளக்கினார்.

விவசாயிகள் கொடுத்த நிலத்தில், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் பசித்த அனைவருக்கும் அங்கே சோறு கிடைத்தது.

1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றவரை அதன்பின் யாரும் காணவில்லை. அவர் மூட்டிய அடுப்பு மட்டும் இன்றும் அணையாமல் எரிகிறது.