தொழுநோயாளிகளோடு வாழ்ந்த பாதிரியார் டேமியன்

பசிபிக் மாகடலில் உள்ளது ஹவாய் தீவுக் கூட்டம். அதில் ஒரு தீவு, மொலக்காய்.

அதன் வடபுறம் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம், செங்குத்தான மலை.

தப்பி ஓட முடியாத அந்த இடத்தை, ஹவாய் அரசு தொழுநோயாளிகளுக்கு ஒதுக்கியது. 1866-ம் ஆண்டு முதல் அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். கணவனை மனைவி பிரிந்தாள். தாயைக் குழந்தை பிரிந்தது. போனவர்கள் ஊர் திரும்புவது அபூர்வம்.

நோய் இல்லாமலே, தாமாக விரும்பி அங்கே போனார் ஒரு பாதிரியார். அவர்தான் டேமியன்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

டேமியன், பெல்ஜியம் நாட்டில் 1840-ல் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப். ஹவாய்க்குப் போக வேண்டியவர் அவருடைய அண்ணன். புறப்படும் நேரத்தில் அண்ணன் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். தம்பி கப்பல் ஏறினார்.

1864-ல் ஹவாயில் பாதிரியார் ஆனார். 1873 மே 10-ந் தேதி மொலக்காயில் வந்து இறங்கினார். அப்போது வயது 33.

நோயாளிகளே தொழிலாளிகள்

அங்கே அவர் கண்டது என்ன?

இடிந்த குடிசைகள். புண்ணைக் கழுவக்கூடப் போதிய தண்ணீர் இல்லை. சாகப் போகிறவர்களுக்கு வேலை எதற்கு என்று பலர் சோர்ந்து கிடந்தார்கள்.

டேமியனுக்குத் தச்சு வேலை தெரியும். ரம்பத்தையும் சுத்தியலையும் எடுத்தார். நடமாட முடிந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார். கப்பலில் வந்த குழாய்களை அவர்களே பதித்தார்கள். ஊருக்குத் தண்ணீர் வந்தது! புயல் குடிசைகளைச் சாய்த்தபோது, புதிய மர வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

டேமியன் புண்களுக்கு மருந்து கட்டினார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றினார். பிரசங்கம் செய்யும்போது, தம்மையும் தொழுநோயாளிகளில் ஒருவராகச் சேர்த்தே பேசுவார்.

வெந்நீர் சுடவில்லை

1884-ல் ஒரு நாள். கால்களை வெந்நீரில் வைத்தார். தோலில் கொப்புளம் கிளம்பியது. ஆனால் சூடு தெரியவில்லை!

தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. 1889 ஏப்ரல் 15-ந் தேதி காலமானார். வயது 49.

நோயை அடக்கும் மருந்து மொலக்காய்க்கு வந்தது 1946-ல்தான். நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டம் 1969-ல் ஒழிந்தது. 2009-ல் போப் ஆண்டவர் டேமியனைப் புனிதர் என்று அறிவித்தார்.

எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு உலகம் விலகி ஓடிய காலத்தில், 1987-ல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் அவர்களுக்கென்று ஓர் உதவி நிலையம் ஏற்பட்டது. அதற்கு வைத்த பெயர், டேமியன்!